அந்தப் பந்தில் இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகள் வீட்டுக்குள் நுழைகிற விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். பை கட்டிலில் போய் விழும். நேராகச் சமையலறைக்குப் போய், நான் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் அன்றைய தேதியின் மேல் ஒரு பெருக்கல் குறி போடுவாள். பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்திப் போடுவாள். பெருக்கல் என்றால் அன்றைக்கு விளையாட்டுப் பீரியட் இல்லை என்று அர்த்தம். இருந்தால் வட்டம்.

போன வாரம் அந்தக் காலண்டரை ஜூன் மாதத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். விடுமுறை, மழை எல்லாம் கழித்து 19 வெள்ளிக்கிழமைகள். வட்டம் மூன்றே மூன்று. அதிலும் ஒன்று, வகுப்பு ஆசிரியை ஏதோ பயிற்சிக்குப் போயிருந்த நாளாம். பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, "சத்தம் போடாமல் விளையாடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் சத்தம் போடாமல் என்னதான் விளையாடுவார்கள்? அன்றைக்கும் பாவம், வட்டம்தான் போட்டிருக்கிறாள். அவளுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.

நாங்கள் இருப்பது வட சென்னையில், வியாசர்பாடி. மகள் படிப்பது பக்கத்தில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஒரு பள்ளிதான் மோசம் என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவீர்கள். புளியந்தோப்பில் என் அக்கா பையன் படிக்கிற இடத்திலும் இதே கதை, கொருக்குப்பேட்டையில் நாத்தனார் பிள்ளைகள் படிக்கிற இடத்திலும் இதே கதை. காசு கட்டிப் படிக்கவைத்தால் மட்டும் என்ன வாழ்கிறது? கொழுந்தன் மகன் போகிற தனியார் பள்ளியில் விளையாட்டுக் கட்டணம் என்று தனியாக ரசீது போட்டு வாங்குகிறார்கள். மைதானம் எங்கே என்று கேட்டால் வேன்கள் நிற்கிற இடத்தைக் காட்டுகிறார்கள். பத்து மணிக்கு மேல் வேன்கள் போய்விடுமாம், அப்போது அது மைதானமாம்.

கால அட்டவணையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வகுப்பறைச் சுவரில், வெள்ளி கடைசிக் கட்டத்தில், பச்சை ஸ்கெட்ச் பேனாவால் 'விளையாட்டு' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பந்தும் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் மதியத்திலிருந்தே அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் அவர்கள் எழுந்து வரிசையில் நின்ற பிறகுதான் அந்த வார்த்தை வரும்: "கணக்கு நோட்டை எடுங்கள்." கணக்கு இல்லையென்றால் தமிழில் பாடம் பாக்கி, இல்லையென்றால் தேர்வு வருகிறது, இல்லையென்றால் யாரோ வந்து பார்வையிடப் போகிறார்கள். இவை எதுவுமே இல்லாத வாரத்தில், "காலையில் பேசிக்கொண்டே இருந்தீர்கள் அல்லவா, இன்றைக்கு விளையாட்டு கிடையாது." அடங்காத பிள்ளைகளிடம் எந்த ஆசிரியராவது, "நீங்கள் ஒழுங்காக இல்லை, அதனால் இன்றைக்குக் கணக்குப் பாடம் கிடையாது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பிடுங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த ஒரே பாடவேளை இதுதான். பிடுங்கியது ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. வாங்கிய கடனைக் கேட்டால் முறைக்கிற ஆளைப்போல, கேட்கிற பிள்ளையைத்தான் முறைக்கிறார்கள்.

ஆசிரியர்கள் மேல் மட்டும் பாய்ந்தால் அது அநியாயம். எனக்குத் தெரியும். மகளின் ஆசிரியை பாடம் நடத்துகிற நேரம் போகக் கைப்பேசியில் எமிஸ் என்கிற கல்வித்துறைத் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு போடுகிறார், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார், பயிற்சிக்கு ஓடுகிறார். அவருக்கு முழங்கால் வலி வேறு. நாற்பது பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டுக் கூடவே நிற்க அவரால் எப்படி முடியும்? அதற்கென்று ஓர் ஆள் வேண்டாமா?

அந்த ஆள் கிடையாது. சட்டத்திலேயே கிடையாது! 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. வகுப்புதோறும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருட்கள் தர வேண்டும் என்கிறது. படிக்கவே ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் உடற்கல்வி சொல்லித்தர ஆள் என்று வரும்போது, 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குத்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், அதுவும் பகுதிநேரப் பயிற்றுநர். 1 முதல் 5 வரைக்கும் தலையை எண்ணி வகுப்பு ஆசிரியர், அவ்வளவுதான். 60 பிள்ளை வரை இருவர், 90 வரை மூவர் என்று கணக்குப் போகிறது. விளையாட்டுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்களும் பெரிய வகுப்புகளுக்குத்தான். பணிநிரந்தரம் கேட்டு வீதியில் உட்கார்ந்தே அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அது தனிக் கொடுமை, இன்னொரு நாள் புலம்புகிறேன்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று இதே பள்ளியின் சுவரில்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதிவிட்டு, வளைய வேண்டிய வயதில் பிள்ளைகளைச் சம்மணம் போடவைத்து உட்காரவும் வைத்துவிடுகிறார்கள். ஓடுவது, தாவுவது, எறிவது, பறந்து வரும் பந்தைக் கண்ணை மூடாமல் பிடிப்பது, ஒற்றைக்காலில் தடுமாறாமல் நிற்பது எல்லாம் பல் முளைப்பதுபோலத் தானாக வந்துவிடாது. பழகினால்தான் வரும், பழகுகிற வயதும் இந்த ஆறிலிருந்து பத்துக்குள்தான். 5 வயது முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. என் மகளுக்கு அட்டவணைப்படியே வாரத்துக்கு 40 நிமிடம். அதையும் கணக்கு தின்றுவிடுகிறது.

"பள்ளியில் இல்லாவிட்டால் என்ன, வீட்டுக்கு வந்து விளையாடட்டுமே" என்பார் என் மாமியார். எங்கே விளையாடுவது அத்தை? நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. மாடிப்படியில் தண்ணீர்க் குடங்கள். கீழே இறங்கினால் ஒரு பக்கம் இருசக்கர வண்டிகள், இன்னொரு பக்கம் தோண்டிவிட்டு மூடாத பள்ளம். தண்டையார்பேட்டைப் பக்கம் என் தோழி வீட்டில் நிலைமை இன்னும் மோசம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் சாலை அது, பிள்ளையை வாசற்படி தாண்டி விடமாட்டாள்.

இந்த ஊரில் ஆண் பிள்ளைகள் எப்படியாவது தப்பித்துவிடுகிறார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கால்பந்து வெறியால் வியாசர்பாடிக்குக் குட்டி பிரேசில் என்றே பேர். பத்து வயதுப் பையன் அண்ணன்மார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு எப்படியும் ஒரு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். வெறுங்காலோடு உதைத்தாவது பழகிவிடுவான். பெண் பிள்ளைக்கு? எட்டு வயதிலேயே "தெருவில் என்ன வேலை" என்று ஆரம்பித்துவிடுவோம். நான் உட்பட. அவளுக்கு யாரும் கேள்வி கேட்காமல் ஓடக்கூடிய இடம் பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே மட்டும்தான், நேரம் அந்த வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் மட்டும்தான். அதைத்தான் "சும்மா விளையாட்டுப் பீரியட்தானே" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2024இல் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது ஊரே கொண்டாடியது. வட சென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்கும் முன்னால் எங்கள் வியாசர்பாடி இளவழகி, 2008இல் உலக சாம்பியன். அந்தப் பெயர்களைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால் பீரோவுக்குள் கேரம் பலகை பூட்டிக் கிடக்கிறது. இவர்கள் எல்லாம் பெற்றவர் கையைப் பிடித்து, தெருமுனை கிளப்பில் பழகி மேலே வந்தவர்கள். அப்படி ஒரு அப்பா வாய்க்காத பிள்ளை என்ன செய்யும்?

அந்தப் பீரோவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். போன கூட்டத்தில் விளையாட்டுப் பொருட்களைக் காட்டச் சொன்னேன். தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்க ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை என்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரையறை இருக்கிறது, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். தலைமையாசிரியை ஒன்றும் மறைக்கவில்லை, உடனே சாவியைத் தேடினார். சாவிதான் கால் மணி நேரம் கிடைக்கவில்லை. திறந்தால், ஸ்கிப்பிங் கயிறுகள் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. வளையங்கள் ஆணியில் அழகாகத் தொங்குகின்றன. ஒரு கால்பந்து. எடுத்துப் பார்த்தேன். காற்று இறங்கி ஒரு பக்கம் இட்லிபோல அமுங்கியிருக்கிறது, தோல் மடிந்த இடத்தில் வெடித்திருக்கிறது. அடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒரு பிள்ளையின் காலும் படாமலே ஒரு பந்து கிழமாகிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏன் டீச்சர் கொடுப்பதில்லை?" என்று கேட்டேன்.

"கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் அம்மா. தணிக்கையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?"

தேய்ந்து கிழிந்தால் கேள்வி, புத்தம் புதிதாக மக்கினால் கேள்வி இல்லை. என்ன தணிக்கையோ!

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சுருக்கென்று தைத்தது. "போன வருடம் உங்கள் பெண் ஓடி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட அன்றைக்கு நீங்கள் வந்து போட்ட சத்தம் நினைவிருக்கிறதா?"

இருக்கிறது. வாசலில் நின்று, "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா, யாரைக் கேட்டு ஓடவிட்டீர்கள்" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். காயம் நாலணா அளவு. மூன்றாம் நாள் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அந்த ஆசிரியை அதற்குப் பிறகு பிள்ளைகளை ஓடவிட்டதாகத் தெரியவில்லை. காலண்டரில் இருக்கிற பெருக்கல் குறிகளில் எத்தனை என்னால் விழுந்தவையோ! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே நினைப்புதான்.

அதற்காக வாயை மூடிக்கொண்டும் இருக்க முடியாது. ஆண்டு விழா வருகிறது, சினிமாப் பாட்டுக்கு ஆட இரண்டு வாரம் ஒத்திகை நடக்கிறது. அதற்கு மட்டும் கணக்கும் தமிழும் வழிவிடுகின்றன. விளையாட்டுப் போட்டி என்று ஓர் அரை நாள் உண்டு. நன்றாக ஓடுகிற பிள்ளைகளில் வகுப்புக்கு மூன்று பேரைப் பொறுக்கி ஓடவிடுவார்கள், மிச்சம் உள்ளவர்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கை தட்ட வேண்டும். என் மகள் இரண்டு வருடமாகக் கை தட்டுகிறாள். சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டு நடப்பது என்று எல்லாருக்கும் ஏதாவது ஒன்று இருந்த காலம் எங்கே போனது?

நேற்றுப் பெரம்பூர் போனபோது ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி வாங்கினேன். இருபது ரூபாய். பம்பு எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரிடம் இருக்கிறது, தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தைத்தால் அந்தப் பந்து இன்னும் ஆறு மாதமாவது தாங்கும் என்றும் சொன்னார். முட்டியில் அடிபட்டால் சண்டைக்கு வரமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாடியில் இருக்கிற இன்னும் நான்கு அம்மாக்களிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது ஊசியும் பம்பும் தாளுமாகப் பள்ளி வாசலில் நிற்பேன். சாவியை மட்டும் அவர்கள் முன்கூட்டியே தேடி எடுத்துவைத்தால் போதும்.