லினக்ஸைக் குறை சொல்லுமுன் கேபிளைப் பாருங்கள்

"லினக்ஸ் லேப்டாப்பா? ப்ரொஜெக்டர்ல வராதுப்பா. பென்டிரைவ்ல காப்பி பண்ணி இந்த விண்டோஸ் மெஷின்ல போடு." செமினார் ஹால்களில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ப்ராஜெக்ட் வைவாவுக்கு வந்து நிற்கிற மாணவரிடம் கடைசி நிமிஷத்தில் சொல்கிற வார்த்தையா இது? லினக்ஸில் ஸ்லைடு செய்கிற லிப்ரெஆஃபீஸ் இம்ப்ரெஸ்ஸில் செய்ததை பவர்பாயின்டில் திறந்தால் ஃபான்ட் மாறுகிறது, வரிகள் பெட்டியை விட்டு வழிகின்றன. தமிழில் செய்திருந்தால் இன்னும் மோசம். பிள்ளை முதல் ஸ்லைடிலேயே தடுமாற, எதிரே இருப்பவர்கள் சரியாகத் தயாரிக்கவில்லை என்று மார்க்கைக் குறைக்கிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2018இல் தொடங்கிய திட்டத்தில் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் கொடுத்தார்கள். அந்த லேப்டாப்களில் ஓடுவது லினக்ஸ்தான்.

நான் பார்த்தவரை தகராறு பெரும்பாலும் ஹால் கூரை வழியாக இழுத்துவிட்ட பழைய விஜிஏ கேபிளில்தான் இருக்கிறது. எந்தெந்த ரெசல்யூஷனை ஏற்பேன் என்று ப்ரொஜெக்டர்தான் லேப்டாப்புக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தகவலுக்கு இடிஐடி என்று பெயர், அடிப்படை அளவு 128 பைட். விஜிஏவின் 15 பின்களில் 12ஆவதும் 15ஆவதும்தான் அதைக் கொண்டு வருகின்றன. மலிவான கேபிளிலும் ஸ்பிளிட்டரிலும் பல நேரம் அந்த இணைப்பே இருக்காது, இல்லையென்றால் யாரோ அழுத்திச் செருகியதில் பின் வளைந்திருக்கும். தகவல் வராவிட்டால் லேப்டாப் பெரும்பாலும் 1024×768க்கு இறங்கிவிடும், எழுத்து மங்கிவிடும். இதே கேபிள் விண்டோஸையும் படுத்தும், ஆனால் அப்போது மட்டும் "கேபிள் லூசு" என்று சரியாகச் சொல்லிவிடுகிறோம்.

சரி, படம் வரவில்லை என்றால்? முதலில் சூப்பர் கீயோடு (விண்டோஸ் சின்னம் உள்ள கீ) பி அழுத்துங்கள், திரையை எப்படிக் காட்டுவது என்று தேர்வு செய்யலாம். லினக்ஸின் டெஸ்க்டாப்களான நோம், கேடிஇ இரண்டிலும் அது வேலை செய்யும். மிரர் (இரண்டு திரையிலும் ஒரே படம்) வைத்து எழுத்து மங்கினால் எக்ஸ்டெண்டுக்கு (ப்ரொஜெக்டர் தனித் திரை) மாறுங்கள், ப்ரொஜெக்டர் தன் சொந்த ரெசல்யூஷனில் காட்டும், அப்புறம் இம்ப்ரெஸ்ஸில் அடுத்த ஸ்லைடும் குறிப்பும் உங்கள் திரையில் மட்டும் தெரியும். லினக்ஸில் திரையைக் காட்டும் ஏற்பாடு பழைய எக்ஸ்11 அல்லது புதிய வேலேண்டாக இருக்கும். எக்ஸ்11இல் இருந்தால், கட்டளை அடிக்கும் டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் (xrandr) என்று அடித்தால் எந்த போர்ட் கனெக்டட், எது இல்லை என்று பட்டியல் வரும். கேபிள் மாட்டிய பிறகும் டிஸ்கனெக்டட் என்றே காட்டினால் சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள், வேறு கேபிளைக் கேளுங்கள். வேலேண்டில் இருப்பவர்கள் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தில்தான் மாற்ற வேண்டும், அங்கே எக்ஸ்ரேண்டரால் எதையும் மாற்ற முடியாது.

லினக்ஸ் பக்கமும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் நேராக என்விடியா கிராஃபிக்ஸ் கார்டோடு இணைந்திருக்கும், டிரைவர் சரியில்லை என்றால் திரை இருட்டாகவே இருக்கும். யுஎஸ்பி வழியாகத் திரையை இணைக்கும் டிஸ்ப்ளேலிங்க் டாக்குகளுக்குத் தனி டிரைவர் போட வேண்டும். ஆனால் இதெல்லாம் முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை, மேடையில் ஏறிய பிறகு யாராலும் முடியாது.

அதனால் துறைத்தலைவர்களிடம் கேட்கிறேன்: மேடை மேஜையில் ஒரு நல்ல எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு டைப்-சி அடாப்டரும் நிரந்தரமாக இருக்கட்டும். பிடிஎஃப் பிரதி ஒன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஹாலைத் திறந்துவிட்டு, விண்டோஸோ லினக்ஸோ, எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவை மாட்டிப் பார்க்க விடுங்கள்.