பேலன்ஸ் பார்க்காமல் பிளேடை மாட்டாதீர்கள்

"ரைடிங் மோவர் (ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம்) பிளேடைச் சவரக்கத்தி மாதிரி தீட்டினால் போதும், பேலன்ஸ் பார்க்கத் தேவையில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அவ்வளவு மெல்லிய விளிம்பு ஒரு குச்சி பட்டாலே மடங்கிவிடும். ஏற்கெனவே உள்ள சாய்விலேயே, பெரும்பாலும் 30 டிகிரி, மேற்பக்கம் மட்டும் அரத்தால் ராவுங்கள். மண்வெட்டிக் கூர் போதும்.

பேலன்ஸை விடவே கூடாது. பிளேடு முனை நிமிடத்துக்கு 19,000 அடி வரை, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர் வேகத்தில் சுழலலாம். ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தாலும் அதிர்வில் ஸ்பிண்டில் (பிளேடு சுழலும் அச்சு) பேரிங் போய்விடும். நடுத் துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். தாழும் பக்கத்தை மட்டும் இன்னும் ராவுங்கள். தயவுசெய்து, பிளேடைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.