பனாமா விற்காது, விற்கவும் முடியாது

2025 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா தாக்கலானது. பனாமா கால்வாயை மறுபடியும் விலைக்கு வாங்க, பனாமா அரசோடு பேச்சுவார்த்தை நடத்த அதிபருக்கு அதிகாரம் தருவதுதான் அதன் சாரம். கொண்டுவந்தவர் தெற்கு டகோட்டாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் டஸ்டி ஜான்சன்.

அந்தத் தேதியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. அன்றுதான் வாஷிங்டனில் ஜிம்மி கார்ட்டரின் இறுதிச் சடங்கு. கால்வாயைப் பனாமாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் 1977-இல் கையெழுத்திட்டவர் அவர். பனாமாவில் ஜனவரி 9 தியாகிகள் தினம். 1964-இல் அதே நாளில், அமெரிக்கா ஆண்ட கால்வாய் மண்டலத்துப் பள்ளி ஒன்றில் தங்கள் நாட்டுக் கொடியையும் ஏற்றப் போன பனாமா மாணவர்கள் தடுக்கப்பட்டார்கள். தள்ளுமுள்ளில் கொடி கிழிந்தது. அடுத்து வெடித்த கலவரத்தில் 20-க்கும் மேற்பட்ட பனாமாக்காரர்களும் 4 அமெரிக்கச் சிப்பாய்களும் செத்தார்கள். பனாமா தூதரக உறவையே முறித்துக்கொண்டது. தேதி தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் செத்தவர்களை நினைத்து ஒரு நாடே துக்கம் காக்கும் நாளில் 'விலை பேசலாம்' என்று மசோதா வைப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

இதற்கு முன் இந்தக் கால்வாய்க்கு எப்படி விலை பேசினார்கள் என்று பாருங்கள். 1903 நவம்பரில் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்து பதினைந்தே நாளில் கால்வாய் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. பனாமா சார்பில் கையெழுத்துப் போட்டவர் புனோ-வரீயா என்ற பிரெஞ்சுப் பொறியாளர். பனாமாவின் தூதுக்குழு வாஷிங்டன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 1 கோடி டாலர் முன்பணம், பிறகு ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர். அதற்கு ஈடாக 10 மைல் அகல நிலம், என்றென்றைக்கும். இந்த அநியாயத்தைத்தான் கார்ட்டரும் பனாமாவின் ஒமர் தொரீஹோஸும் பேசித் திருத்தினார்கள். அமெரிக்க செனட் 68-க்கு 32 என்ற வாக்கில் அந்தப் புது உடன்படிக்கையை ஏற்றது. 1999 டிசம்பர் 31-இல் கால்வாய் முழுதாகக் கைமாறியது.

சரி, இப்போது யாரிடம் என்ன பேசுவது? கால்வாய் யாருக்கும் கைமாற்ற முடியாத நாட்டின் சொத்து என்று பனாமா அரசியலமைப்பின் 315-ஆவது பிரிவு சொல்கிறது. அதிபர் முலினோ மனம் மாறினாலும் அதை விற்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மசோதா வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான், கால்வாய்க்காக ராணுவத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர முடியுமா என்று நிருபர்கள் கேட்டபோது, தர முடியாது என்றார் டிரம்ப். 1989 டிசம்பரில் அமெரிக்கப் படை உள்ளே நுழைந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அந்த நாட்டில் வாழ்கிறார்கள். மிரட்டலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்துவதைப் பேச்சுவார்த்தை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சீனாதான் கால்வாயை நடத்துகிறது என்ற வாதத்தை இங்கேயும் பலர் பகிர்கிறார்கள். அது உண்மையில்லை. பேச்சு கிளம்பிய நேரத்தில், கால்வாயின் இரு முனைகளிலும் இருக்கும் பல்போவா, கிறிஸ்டோபல் துறைமுகங்களை ஹாங்காங்கின் சி.கே. ஹட்சிசன் குழும நிறுவனம் நடத்திவந்தது. கவலைப்படக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடப்பது சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. எந்தக் கப்பல் எப்போது கடக்கும், என்ன கட்டணம் என்று தீர்மானிப்பது பனாமா கால்வாய் ஆணையம். அமெரிக்காவுக்குப் பாதுகாப்புதான் கவலை என்றால் அதற்கும் 1977-லேயே வழி செய்தாகிவிட்டது. எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்கிறது நடுநிலை உடன்படிக்கை. கால்வாய் அடைபட்டால் தலையிடும் உரிமையையும் செனட் அதில் சேர்த்துக்கொண்டது.

கால்வாய்க்கு இன்று நிஜமான ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அது வருவது காட்டூன் ஏரியிலிருந்து, பனாமா மக்களில் பாதிப் பேருக்குக் குடிநீர் தருவதும் இதே ஏரி அமைப்புதான். 2023-இல் மழை பொய்த்தபோது, வழக்கமாக நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் படிப்படியாக 22 வரை குறைத்தார்கள். அடுத்த வறட்சிக்குத் தயாராக இந்தியோ ஆற்றில் அணை கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதனால் ஊரையும் நிலத்தையும் இழக்கப்போகும் விவசாயிகள் எதிர்த்துப் போராடுகிறார்கள். கால்வாயில் போகும் சரக்கில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து கிளம்புவது அல்லது அங்கே போய்ச் சேர்வது. அப்படியிருக்க, அந்த ஏரியின் நீர்ப்பிடிப்புக் காடுகளைக் காக்கவும், அந்த விவசாயிகளுக்கு நியாயமான இழப்பீடு கிடைக்கவும் பனாமாவோடு பேசச் சொல்லி ஒரு மசோதா வந்திருந்தால் நானும் ஆதரித்திருப்பேன்.