டயருக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கூட்டரின் வேக மீட்டரை மாற்றியாகிவிட்டது, பில்லையும் கட்டியாகிவிட்டது, வண்டியை வெளியே எடுத்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் முள் மட்டும் பூஜ்ஜியத்திலேயே படுத்துக் கிடக்கிறது. புத்தம்புதிய மீட்டர், கண்ணாடியின்மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளின் ஒரு மூலை இன்னும் உரிபடாமல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பி வந்து வண்டியை மெக்கானிக் முன்னால் நிறுத்தி, கையால் முள்ளைக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அப்படியென்றால் கேபிளாகத்தான் இருக்கும் சார்" என்றார்.

இதைக் கேபிளை முதலில் பார்த்துவிட்டு அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இருப்பதிலேயே விலை கூடிய பொருளை முதலில் மாற்றிப் பார்ப்பது, அதில் சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றிப் பார்ப்பது, அதிலும் சரியாகாவிட்டால் "இந்த மாடலுக்கே இப்படித்தான் சார்" என்று கையைத் துடைத்துக்கொள்வது: இதற்குப் பெயர் பழுது பார்ப்பதாம். இதில் பழுதை யாரும் எங்கும் பார்க்கவில்லை என்பது ஒரு சிறிய விஷயம்தான். ஆராய்ச்சி அவருடையது, செலவு என்னுடையது, கண்டுபிடிப்பு மட்டும் இருவருக்கும் சொந்தமில்லை.

வண்டியை முதன்முதலில் கொண்டுபோனபோது நடந்ததை விவரமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் காது சூடாகிறது. "முன்டயரை மாற்றினேன், அன்றிலிருந்து முள் அசையவில்லை" என்று நான் தெளிவாக, நிறுத்தி, தமிழில்தான் சொன்னேன். தன் நோய் எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு தொடங்கியது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த நோயாளியும் எந்த மருத்துவரிடமும் சொல்லியிருக்க முடியாது. அவர் ஆள்காட்டி விரலை மடக்கி மீட்டர் கண்ணாடியில் இருமுறை தட்டினார். ஒரு கணம் காத்திருந்தார். இன்னொரு முறை, இம்முறை சற்று ஓரமாக, தட்டினார். பரிசோதனை அத்தோடு நிறைவுற்றது. "மீட்டர் போய்விட்டது சார், மொத்தமாக மாற்றிவிடலாம்" என்று தீர்ப்பு வந்தது. நான் விடாமல், டயர் மாற்றியதற்குப் பிறகுதான் இப்படி ஆனது என்பதை மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பொறுமையைக் கஷ்டப்பட்டு வரவழைத்துக்கொண்டவரின் குரலில் கேட்டார்: "டயருக்கும் மீட்டருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

என்ன சம்பந்தமா? அதைத் தவிர வேறு எதனோடும் அந்த மீட்டருக்குச் சம்பந்தமே கிடையாது! கேபிள் போட்ட பெரும்பாலான ஸ்கூட்டர்களில் வேகமானி என்பது முன்சக்கரத்தின் சுழற்சியை மட்டும் கேட்டு வாழ்கிற ஜீவன். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அதற்குத் தெரியாது. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் முள் ஓடும். சக்கரத்தின் நடுவே, ஹப்போடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சக்கரம். அது திருப்புகிற ஒரு சின்னப் பினியன், அதாவது குட்டிப் பல்சக்கரம். அதில் செருகியிருக்கும் சதுர முனையுள்ள முறுக்குக் கம்பி. கேபிள் என்பது இதுதான்; அந்தக் கம்பி உறைக்குள் சுழன்றுகொண்டே ஹேண்டில் வரை ஏறிப்போய் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் அதைச் சூழ்ந்திருக்கிறது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது கிண்ணத்தையும் கூடவே இழுக்கிறது. மெல்லிய மயிர்ச்சுருள் வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கிறது. கதை அவ்வளவுதான். ஓட்டோ ஷுல்சே என்ற ஜெர்மானியர் 1902ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்ட சமாச்சாரம் இது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிற, நான்கைந்து உறுப்புகள் மட்டுமே உள்ள ஒரு இயந்திரத்தின் பழுதைக் கண்டுபிடிக்க, கண்ணாடியைத் தட்டுவதைத் தவிர வேறு வழியே தோன்றவில்லையா?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வேக முள் மட்டுமல்ல, கிலோமீட்டர் எண்களும் சேர்ந்தே நின்றுபோயிருந்தன. இது சாதாரணத் தகவல் அல்ல. பழுது எந்தப் பக்கம் என்பதற்கான பெரிய துப்பே இதுதான். எண் சக்கரங்களை ஓட்டுவது காந்தமும் கிண்ணமும் அல்ல. மேலே வரும் கம்பியின் சுழற்சியைச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் நேரடியாகக் கடத்தி ஓட்டுகின்றன. ஆகவே எண்கள் ஓடி, முள் மட்டும் செத்திருந்தால் கோளாறு மீட்டருக்குள். முள் ஓடி, எண்கள் மட்டும் நின்றிருந்தாலும் கோளாறு மீட்டருக்குள். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால், மேலே சுழற்சியே வந்து சேரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும், கீழே குனிந்து பார்க்க வேண்டும். இதையும் நான் எடுத்துச் சொன்னேன். அதற்கு அவர் அளித்த பதிலைக் கல்வெட்டில்தான் பொறிக்க வேண்டும். "எண்ணும் அந்த மீட்டருக்குள்ளேதானே சார் இருக்கிறது? அதனால்தான் சொல்கிறேன், மீட்டர் போய்விட்டது." இந்தத் தர்க்கத்தின் முன் நான் என்ன பேசுவது? வீட்டில் விளக்கும் விசிறியும் ஒன்றாக நின்றால் இவர் வீட்டையே மாற்றச் சொல்வார் போலிருக்கிறது.

சரி, கேபிளுக்கு வருவோம், ஏனென்றால் அவரும் அங்கேதான் அடுத்ததாக வந்தார். கேபிள் பழுதாகும்போது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பழுதாகிறது. கிரீஸ் வறண்டுபோனாலோ உறை எங்கேனும் மடங்கியிருந்தாலோ, கம்பி சிக்கிச் சிக்கி விடுபடுவதால் முள் ஒரு நிலையில் நிற்காமல் இருபதுக்கும் நாற்பதுக்குமாகத் துள்ளும்; சில சமயம் கிரீச்சென்று ஓசை வரும்; பிறகு ஒருநாள் கம்பி அறுந்து அடங்கும். என் முள் துள்ளவும் இல்லை, கிரீச்சிடவும் இல்லை. டயர் மாற்றியதற்கு முன்பு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்பு அடியோடு நின்றது. அவர் கழற்றிப் போட்ட பழைய கேபிளை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது, இரண்டு முனைகளிலும் சதுரம் தேயாமல் கூர்மையாக இருந்தது, ஒரு முனையை உருட்டினால் மறுமுனை சொன்னபடி கேட்டது. இவ்வளவு ஆரோக்கியமான ஒரு கேபிளைக் குப்பைக்கு அனுப்பியதற்கு எனக்குத் தனிப் பில் வந்தது. புதிய கேபிளுக்கு அவர் தாராளமாக மேல்முனை வரை கிரீஸ் அப்பியதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கிரீஸ் கம்பியின் முறுக்கோடு மெல்ல மேலேறி மீட்டருக்குள் புகுந்து அதையும் நாசம் செய்யும் என்பதால்தான் மேற்பகுதியைக் கொஞ்ச நீளத்துக்கு உலர்ந்தபடியே விடச் சொல்வார்கள். அதைத் துடைக்கச் சொன்னதற்கு என்மேல் அவருக்குக் கோபம் வேறு.

புதிய மீட்டர், புதிய கேபிள், பழைய பூஜ்ஜியம். நான் அங்கேயே வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு பையனைப் பின்பக்கம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். சக்கரத்தருகே கேபிளின் கீழ்முனையைக் கழற்றி, உள்கம்பியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துச் சுறுசுறுப்பாக உருட்டினேன். மேலே முள் சட்டென்று துடித்தது. அதாவது மீட்டருக்கு உயிர் இருக்கிறது, கேபிளுக்கும் உயிர் இருக்கிறது. பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, கம்பி செருகும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரம் சுற்றுகிறது, உள்ளே பினியன் அசையவே இல்லை. ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தை முதல்நாளே செலவழித்திருந்தால் அந்தப் பழைய மீட்டர் இன்றும் என் வண்டியில் இருந்திருக்கும். அவரோ இவ்வளவையும் ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறதே" என்று புதிதாகத் தனக்கே உதித்த எண்ணம்போலச் சொன்னார்.

சக்கரத்தைக் கழற்றியதும் உண்மை கையில் வந்து விழுந்தது. அந்தப் பல்சக்கரமும் பினியனும் சேர்ந்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற மீட்டர் கியரின் வளையத்தில் எதிரெதிராக இரண்டு காதுகள் உண்டு. ஹப்பில் அவற்றுக்கென்றே வெட்டியிருக்கும் பள்ளங்களில் அவை உட்கார்ந்தால்தான் சக்கரம் வளையத்தைச் சுழற்றும். டயர் மாற்றிய மகானுபாவர் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது காதுகள் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று பார்க்காமல், ஏதோ இடிக்கிறதே என்றும் யோசிக்காமல், ஸ்பேனரைப் போட்டு ஆக்சில் நட்டை முழுப் பலத்தோடு இறுக்கியிருக்கிறார். ஒரு காது முற்றிலும் மடங்கித் தட்டையாகிவிட்டது. இன்னொன்று பாதியில் ஒடிந்து, கறுத்த கிரீஸுக்குள் ஒரு துணுக்காகப் புதைந்து கிடந்தது. நைலான் பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. மாற்றிய மூன்று பொருட்களிலும் மிகச் சிறியது, மிக மலிவானது, உண்மையிலேயே பழுதானது அந்தக் கியர் ஒன்றுதான்.

இதற்கிடையே வழியெல்லாம் கிடைத்த அறிவுரைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. "மீட்டர் எதற்கு, காற்று முகத்தில் அடிப்பதை வைத்தே வேகம் தெரியாதா?" என்றார் ஒருவர். இன்னொருவர் கைப்பேசியில் ஜிபிஎஸ் செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வேகம் குறைத்து நின்ற பிறகும் சற்று நேரம் பழைய வேகத்தையே சொல்லிக்கொண்டிருக்கும் அந்தச் செயலியைப் பார்த்துக்கொண்டே நான் ஓட்ட வேண்டுமாம். டிஜிட்டல் மீட்டர் வண்டி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றார் மூன்றாமவர். அதிலும் எங்கேனும், பெரும்பாலும் சக்கரத்தருகே, ஒரு சென்சார் உட்கார்ந்து துடிப்புகளை எண்ணித்தான் ஆக வேண்டும். ஹேண்டில் திரும்பித் திரும்பி ஒயர் உள்ளே அறுந்தாலும், கனெக்டரில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்தாலும் திரை இதே பூஜ்ஜியத்தைத்தான் காட்டும், இதே விரல் வந்து இதே கண்ணாடியைத் தட்டும். வேகமானிகளுக்கான ஐக்கிய நாடுகளின் 39ஆம் ஒழுங்குவிதி, மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது என்கிறது. கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. ஐம்பதில் போகும்போது பூஜ்ஜியம் காட்டும் மீட்டரை வைத்துக்கொண்டு "ஓடுகிற வண்டிதானே சார், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் அதைப் படித்தால் தேவலை.

இப்போது முள் ஓடுகிறது. மறுக்கவில்லை. ஆனால் என் வண்டி ஓடிய தூரம் முழுவதும் அழிந்து, புதிதாகப் பிறந்த வண்டிபோல எண்கள் பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பியிருக்கின்றன. அடுத்த ஆயில் எப்போது மாற்ற வேண்டும், பெல்ட் எவ்வளவு தூரம் உழைத்திருக்கிறது என்பதையெல்லாம் பழைய எண்ணைக் குறித்துவைத்து இனி ஒவ்வொரு முறையும் நான் கூட்டிப் பார்க்க வேண்டும். நாளை வண்டியை விற்கப்போனால், மீட்டரைத் திருத்திய ஆசாமி என்ற பட்டமும் எனக்கே கிடைக்கும். பழைய மீட்டரைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு, "செத்துப்போன மீட்டர் உங்களுக்கு எதற்கு சார்?" என்கிறார்கள். அது சாகவே இல்லை ஐயா!

இத்தனைக்கும் பிறகு பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தால், வேக முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் முள் காலி என்கிறது. டேங்க் நிறைய இருக்கிறது, முள் அசையவில்லை. கூப்பிட்டுச் சொன்னேன். "டேங்குக்குள் மிதவை போயிருக்கும் சார், கொண்டு வாருங்கள், மாற்றிவிடலாம்" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நடுவீதியில் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மீட்டரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையான முன்கவுலை நானே கழற்றினேன். மீட்டருக்குப் பின்னால் பெட்ரோல் முள்ளுக்கான கனெக்டர் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. செருகியதும் முள் எழுந்து உட்கார்ந்தது. கவுலைத் திரும்ப மாட்டும்போதுதான் கவனித்தேன், கம்பெனி போட்டு அனுப்பிய ஸ்க்ரூக்களில் ஒன்று இல்லை, இன்னொன்று அளவு பொருந்தாத வேறு ஏதோ வண்டியின் ஸ்க்ரூ. எந்த வண்டியை எங்கே கொண்டுபோனாலும் வாங்கி வரும்போது ஒரு ஸ்க்ரூ குறைந்தே இருக்கிறதே, அவற்றையெல்லாம் சேர்த்துவைத்து இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?