தாய்க்கும் ஒரு பை வேண்டும்
பிரசவத்துக்காக மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டியவை என்று நான் படித்த ஒரு கட்டுரை தரும் பட்டியலில் குழந்தைக்கானவையே மிகுதி. தாய்க்கானவை இரண்டு வரிகளில் முடிந்துவிட்டன. மதுரையில் என் மகளுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தபோது, பாவாடை நாடா சரியாகத் தையலின் மேலேயே அழுத்தியதால், முன்புறம் திறக்கும் தளர்வான நைட்டிகளை வாங்க என் கணவர் அன்று மாலையே விளக்குத்தூண் கடைகளுக்கு ஓட வேண்டியதாயிற்று (அவர் வாங்கிவந்த நிறங்களைப் பற்றிப் பேசாதிருப்பதே நல்லது). பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள்வரை நீடிக்கக்கூடும் என்பதால், வழக்கமானவற்றைவிடப் பெரிய, நன்கு உறிஞ்சும் நாப்கின்களைப் போதிய அளவில் முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் ஒன்று முழுவதும் நனைந்துவிட்டால், இரவானாலும் தயங்காமல் செவிலியரை அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.