துண்டுச் சீட்டு வக்கீல்

பாலியல் வன்முறை வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியிருந்த தோழியின் தங்கைக்குத் துணையாகக் கடந்த ஆண்டு மகளிர் நீதிமன்றத்துக்கு நான்கு வாய்தா போய் வந்தேன். மூன்று முறை வராந்தா பெஞ்சைத் தேய்த்துவிட்டுத் திரும்பினோம். நான்காவது முறை, பத்தே காலுக்கு அரசு வழக்கறிஞர் வந்து வழக்குக் கட்டைப் பிரித்தார். "போலீசில் சொன்னதை அப்படியே சொல்லும்மா, பயப்படாதே" என்றார். இரண்டரை ஆண்டு காத்திருந்தவளுக்குக் கிடைத்த தயாரிப்பு அவ்வளவுதான். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்று அவர் கையில் இன்னும் ஆறு கட்டுகள் இருந்தன.

மூடிய அறையில் விசாரணை, நான் வெளியே. நாங்கள் அமர்த்திய வக்கீல் அம்மா உள்ளே இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில், "இதற்கு முன் யாரோடாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். சாட்சியச் சட்டமே தடுக்கும் கேள்வி. வக்கீல் அம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அரசு வழக்கறிஞரிடம் நீட்டியிருக்கிறார். அவர் அதைப் பிரித்துப் படிப்பதற்குள் இவள் பதில் சொல்லி முடித்துவிட்டாள்.

பாதிக்கப்பட்டவர் வைக்கும் வக்கீல் அரசு வழக்கறிஞருக்கு உதவியாளர் மட்டுமே. சாட்சியை விசாரிக்கவோ வாய்மொழியாக வாதாடவோ கூடாது என்று 2019-இல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு பழிவாங்கும் களமாகிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நேர்மையான விசாரணை வேண்டும். ஆனால் குறுக்கு விசாரணை செய்வது வேறு, மானத்தைக் கிழிக்கும் கேள்விக்கு எழுந்து "ஆட்சேபம்" என்பது வேறு. அந்த ஒரு சொல்லுக்காவது அவளுடைய வக்கீலை வாய் திறக்க விடுங்கள் என்கிறேன்.

புகார் கொடுக்கும் காவல் நிலையத்திலேயே வக்கீல் துணை வேண்டும், அந்த உரிமையைப் போலீஸ் முதலிலேயே சொல்ல வேண்டும், வக்கீல்கள் பட்டியல் அங்கே இருக்க வேண்டும் என்று டெல்லி வீட்டு வேலைப் பெண்கள் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு ஒரு பட்டியலையும் யாரும் காட்டவில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தரும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதும், அவளுடைய அம்மா வளையலை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய பிறகே தெரிந்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்றால், அந்த நிலையில் எந்தப் பெண் விசாரித்துக்கொண்டு அலைவாள்? முதல் தகவல் அறிக்கையோடு ஒரு வக்கீலின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் கொஞ்சம் இரங்குகிறது. குறுக்கு விசாரணைக் கேள்விகளை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். சம்பவம் நடந்தபோது இவளுக்குப் பதினெட்டு வயதும் இரண்டு மாதமும்.

சாட்சியம் முடிந்துவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாய்தாவுக்கும் வருகிறேன் என்கிறாள்.