குறுக்கிணைப்பு கூடினால் சுருக்கம் கூடாது

"குறுக்கிணைப்பியைக் கூட்டினால் பினிபாம் ஜெல் சூட்டில் இன்னும் அதிகமாகச் சுருங்கும், சுருங்கும் வெப்பநிலையும் ஏறிவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பினிபாம் என்பது குளிர்ந்த நீரில் உப்பி, சூடானால் நீரைத் தள்ளிச் சுருங்கும் ஜெல்லைத் தரும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு); குறுக்கிணைப்பி அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் பொருள். அவர் சொன்ன இரண்டுமே சரியில்லை.

ஜெல் சுருங்கத் தொடங்கும் சுமார் 32 டிகிரி செல்சியஸ் என்ற அந்த எல்லை, பாலிமர் சங்கிலிக்கும் தண்ணீருக்கும் உள்ள ஒட்டுறவால் வருவது. பிஸ்அக்ரிலமைடு என்ற குறுக்கிணைப்பியைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பதால் அது பெரிதாக நகராது. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அக்ரிலமைடு போல நீர் விரும்பும் மோனோமர் (சங்கிலியின் கண்ணியாகும் சிறு மூலக்கூறு) ஒன்றைச் சங்கிலியிலேயே சேர்க்க வேண்டும்.

குறுக்கிணைப்பு மாற்றுவது, குளிர்ந்த நீரில் ஜெல் எவ்வளவு உப்பும் என்பதைத்தான். முடிச்சுகள் நெருங்கினால் சங்கிலிகள் விரிய இடமில்லை; குடிக்கும் தண்ணீரும் குறைவு. சூடேறும்போது வெளியே தள்ள இருப்பதும் அதே தண்ணீர்தானே? ஆகவே மொத்தச் சுருக்கம் குறையும். தளர்வான ஜெல் துண்டை 40 டிகிரி நீரில் போட்டுப் பாருங்கள்: கண்ணாடி போல இருந்தது பால்வெள்ளையாகி நன்றாகச் சிறுத்துவிடும். இறுக்கமானதும் வெளுக்கும், ஆனால் அளவு அவ்வளவு மாறாது.

அப்புறம், சுருங்கும் வேகத்தைக் குறுக்கிணைப்பை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். துண்டின் தடிமன் இரட்டித்தாலே நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.